பழைய டிரக் எஞ்சினுக்கு ஏர் கிளீனர் செய்த கதை

மூடியைக் கழற்றி, தாள் ஃபில்டரை வெளியே எடுத்து, அது உட்கார்ந்திருந்த அடித்தட்டை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணியில் நூலிழை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கோடு விழுந்தது. மனம் கேட்காமல் மூடியின் உட்புறத்தையும் துடைத்தேன். அங்கே நடுத்துளையிலிருந்து கிளம்பிய தூசித் தடம், வால்நட்சத்திரத்தின் வாலைப் போல ஒரு பக்கமாக விரிந்து பரவியிருந்தது. இரண்டு மாதம் ஓய்வு நேரம் முழுவதையும் செலவிட்டு, நானே தகரம் வெட்டி, வளைத்து, பற்றவைத்து, வர்ணம் பூசிய ஏர் கிளீனர் அது. அதைப் பொருத்தி எண்ணூறு கிலோமீட்டர்தான் ஓட்டியிருந்தேன். ஃபில்டரைத் தாண்டிய உட்புறத்தில், தூசியே இருக்கக் கூடாத இடத்தில், தூசி இருந்தது.

வண்டி 1954ஆம் ஆண்டின் செவ்ரோலே பிக்கப் டிரக். எஞ்சின் 235 கன அங்குலம், அதாவது 3.86 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் நேர்வரிசை பெட்ரோல் எஞ்சின். அதன் பக்கவாட்டில், காற்றோடு பெட்ரோலைக் கலந்து தரும் ஒற்றைக் குழல் கார்புரேட்டர் ஒன்று மட்டுமே. வண்டி என் கைக்கு வந்தபோது அதன் அசல் ஆயில் பாத் ஏர் கிளீனர், அதாவது தூசியை எண்ணெயில் சிக்கவைக்கும் பழைய வகை, எப்போதோ காணாமற்போயிருந்தது. அந்த இடத்தில், அப்பளம்போல் தட்டையான ஒரு சிறிய குரோம் வட்டை யாரோ மாட்டியிருந்தார்கள். பார்க்கப் பளபளப்பாக இருந்த அதன் உள்ளே இருந்த ஃபில்டரின் உயரம் நான்கு விரற்கடைகூட இல்லை. இந்த எஞ்சினைப் பிரித்து, சிலிண்டர் துளைகளைப் பெரிதாக்கி, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு முடித்திருந்த நேரம் அது. அத்தனை உழைப்பையும் அந்த வட்டை நம்பி ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

தூசி எஞ்சினை எப்படித் தின்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நான் எடுத்த முடிவுகள் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. சாலைத் தூசியில் பெரும்பங்கு குவார்ட்ஸ் எனப்படும் சிலிக்கா மணல். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அதற்குப் பத்துக்கு 7. சிலிண்டர் சுவரின் வார்ப்பிரும்பும் பிஸ்டன் ரிங்கும் அதன் கூர்மைக்கு ஈடுகொடுக்க முடியாதவை. கண்ணுக்குத் தெரியும் பெரிய மணலைவிட, 5 முதல் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரையிலான நுண்தூள்தான் அதிகத் தீங்கு செய்கிறது. ரிங்குக்கும் சுவருக்கும் இடையே, பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் இடையே இருக்கும் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் ஏறத்தாழ அந்த அளவில்தான் இருக்கிறது. படலத்தைவிடச் சற்றே பெரிய துகள் அதைத் துளைத்துக்கொண்டு இரு உலோகப் பரப்புகளையும் ஒரே நேரத்தில் கீறும். மேல் ரிங் முதலில் தேயும், பிறகு சிலிண்டரின் மேற்பகுதியில் ஒரு படி விழும், அதன்பின் எண்ணெய் புகையாகப் போகத் தொடங்கும். அந்த நிலை வந்தபின் நல்ல ஏர் கிளீனர் வாங்கிப் பயனில்லை.

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். ஒரு டேங்க் தீர்வதற்குள் எஞ்சின் ஒரு பெரிய வீட்டின் அத்தனை அறைகளிலும் உள்ள காற்றைவிட அதிகமாக உறிஞ்சியிருக்கும். அதில் மிதப்பது எல்லாம் உள்ளே போகக் காத்திருக்கிறது.

பழைய வண்டிக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. ஏர் கிளீனர் எஞ்சினின் மூச்சை அடைக்கிறது, அதைத் திறந்துவிட்டால் சக்தி கூடும் என்பதே அது. நானும் தொடக்கத்தில் அந்தப் பயத்தோடுதான் அளவுகளைத் தேடினேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடுகிறது. நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கிறது. இந்த எஞ்சின் தன் உச்ச சக்தியைத் தரும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,700 சுற்று. 3.86 லிட்டரை 1,850ஆல் பெருக்கினால் 7,100 லிட்டருக்குச் சற்று மேல் வரும். ஒற்றைக் கார்புரேட்டரும் குறுகிய குழாய்களும் உள்ள பழைய எஞ்சின் தன் சிலிண்டரை முழுவதும் நிரப்பிக்கொள்வதில்லை. நூற்றுக்கு எழுபத்தைந்து என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,350 லிட்டர், அதாவது 190 கன அடி. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து உச்ச வேகத்தில் ஓட்டினால்தான் அவ்வளவு. சாதாரண ஓட்டத்தில் அதில் பாதிகூட இராது. இன்றைய நடுத்தரக் கார் ஒன்றின் ஃபில்டரே இந்தத் தேவையைச் சுலபமாகத் தாங்கும். இவ்வளவு குறைந்த பசியுள்ள எஞ்சினுக்காக வடிகட்டும் தரத்தைத் துளியும் விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பழைய டிரக் எஞ்சினுக்கு ஏர் கிளீனர் தேடும் ஒவ்வொருவரும் முதலில் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு இது என்று நான் நினைக்கிறேன்.

அசலான ஆயில் பாத் ஏர் கிளீனரைப் பற்றி மரியாதையோடுதான் பேச வேண்டும். வெளியிலிருந்து வரும் காற்று ஒரு வளையப் பாதை வழியே கீழே இறங்கி, கிண்ணத்தில் உள்ள எண்ணெயின் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் திடீரென்று மேல்நோக்கித் திரும்புகிறது. காற்று திரும்பிவிடும், கனமான தூசி திரும்ப முடியாமல் எண்ணெயில் விழுந்து மாட்டிக்கொள்ளும். அந்தத் திருப்பத்தில் காற்றோடு சிதறி மேலே போகும் எண்ணெய்த் திவலைகள், மேலே அடைத்துவைத்திருக்கும் கம்பி வலையை நனைக்கின்றன. தப்பிவந்த நுண்தூசி அந்த ஈரத்தில் ஒட்டி, எண்ணெயோடு சேர்ந்து சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்துக்கே திரும்பி வருகிறது. மாற்ற வேண்டிய பாகம் ஒன்றுகூட இல்லை. கிண்ணத்தைக் கழுவி, புது எண்ணெயைக் குறியிட்ட மட்டம்வரை ஊற்றினால் வேலை முடிந்தது. எழுபது ஆண்டு கழித்தும் வேலை செய்யும் ஒரு பொருளை அந்தக் காலத்துப் பொறியாளர்கள் வடிவமைத்துத் தந்திருக்கிறார்கள்.

ஆனால் அதன் செயல் முழுவதும் காற்றின் வேகத்தை நம்பியிருக்கிறது. காற்று வேகமாகத் திரும்பினால்தான் தூசி தெறித்து விழும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது, அதுவும் தூசி நிறைந்த பாதையில் முன்னால் போகும் வண்டியின் பின்னே ஊர்ந்து போகும்போது, அதன் திறன் சரிந்துவிடுகிறது. நல்ல நிலையில் உள்ள ஆயில் பாத் நூற்றுக்கு 95 முதல் 98 பங்கு வரை பிடிக்கும் என்பார்கள். நல்ல தாள் ஃபில்டர் 99.5க்கும் மேலே போகும். கேட்கும்போது வித்தியாசம் சொற்பமாகத் தோன்றும். தடுத்ததை விட்டுவிட்டு, தப்பிப்போனதை எண்ணிப் பாருங்கள். ஒன்றில் நூற்றுக்கு ஐந்து பங்கு உள்ளே போகிறது, மற்றதில் அரைப் பங்கு. எஞ்சினின் உட்புறத்திலிருந்து பார்த்தால் இது பத்து மடங்கு வேறுபாடு. மட்டத்துக்கு மேல் எண்ணெய் ஊற்றிவிட்டால் அது எஞ்சினுக்குள் உறிஞ்சப்படும் என்பது இன்னொரு கவலை. பெட்ரோல் எஞ்சினில் பிளக்குகள் கரியேறுவதோடு போகும். டீசல் எஞ்சினாக இருந்தால் அந்த எண்ணெயையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு, கட்டுப்பாடில்லாமல் வேகமெடுத்துத் தன்னைத் தானே உடைத்துக்கொள்ளவும் கூடும். டீசல் டிரக் வைத்திருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

வண்டி கண்காட்சிக்குப் போவது, அசல் பாகங்கள் முழுவதும் கையில் உள்ளன என்றால், ஆயில் பாத்தையே வைத்துக்கொள்வது நல்லது. அதை மாற்றச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன். என் வண்டி மண்பாதையில் போய்வரும் வண்டி. தேடிக் கண்டுபிடித்த ஒரு பழைய ஆயில் பாத்தின் கிண்ணமோ துருவில் சல்லடையாகியிருந்தது. எண்ணெய் நிற்காத கிண்ணத்தை ஒட்டுப்போடுவதைவிட, வெளிக்கூட்டின் உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே ஒரு தாள் ஃபில்டரை உட்காரவைப்பது என்று முடிவு செய்தேன். பானெட்டைத் திறப்பவர்களுக்கு அந்தக் காலத்து உருவம் தெரிய வேண்டும், எஞ்சினுக்கு இந்தக் காலத்துப் பாதுகாப்பு கிடைக்க வேண்டும் என்பதே ஆசை.

எண்ணெய் தோய்த்த பருத்தித் துணி ஃபில்டர்களையும் யோசித்துப் பார்த்து விட்டுவிட்டேன். அவற்றின் திறன் எண்ணெயை எவ்வளவு சீராகப் பூசுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு மூலை காய்ந்து போனாலும் அந்த மூலை திறந்த சன்னலாகிவிடும். நுரைப் பஞ்சு ஃபில்டரும் வேண்டாம் என்றே தோன்றியது, ஏனென்றால் கார்புரேட்டர் வண்டி எப்போதாவது வாய்வழியே தீயைத் துப்பும். அந்தத் தீயைத் தடுத்து நிறுத்துவதும் ஏர் கிளீனரின் வேலைகளில் ஒன்று. உட்புறத்தில் கம்பி வலை வைத்துக் கட்டிய தாள் ஃபில்டரைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபில்டரை முதலில் தேர்ந்தெடுத்து, பிறகுதான் கூட்டைச் செய்ய வேண்டும். கூட்டைச் செய்துவிட்டு அதற்குள் அடங்கும் ஃபில்டரைத் தேடுபவர்கள் கடைசியில் கிடைத்ததை வைத்துச் சமாளிப்பார்கள். பல ஆண்டுகளாகப் பல வண்டிகளுக்குப் பொதுவாக விற்கப்படும், இனியும் கிடைக்கும் என்று நம்பத்தக்க வட்ட ஃபில்டராக இருப்பது முக்கியம். நான் எடுத்ததன் வெளிவிட்டம் 230 மி.மீ., உயரம் 75 மி.மீ. மேலும் கீழும் மிருதுவான பாலியூரித்தேன் விளிம்பு. மடிப்புகளைப் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். 180 மடிப்பு, ஒவ்வொன்றும் 22 மி.மீ. ஆழம். ஒரு மடிப்புக்கு இரண்டு முகம் என்பதால், விரித்துப் போட்டால் தாளின் பரப்பு ஏறக்குறைய 0.59 சதுர மீட்டர். பழைய குரோம் வட்டின் ஃபில்டரையும் அதேபோல் எண்ணிப் பெருக்கினேன். 0.1 சதுர மீட்டர்கூடத் தேறவில்லை.

இந்த ஆறு மடங்கு வித்தியாசம் செய்யும் நன்மை ஆறு மடங்கோடு நிற்பதில்லை. பரப்பு கூடினால் தாளின் ஊடே போகும் காற்றின் வேகம் குறைகிறது, ஒரு சதுர அங்குலத்தில் படியும் தூசியின் அளவும் குறைகிறது. தடை என்பது இந்த இரண்டின் பெருக்கல் என்பதால், ஃபில்டர் அடைபடாமல் உழைக்கும் காலம் ஏறத்தாழப் பரப்பின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. இடம் கிடைக்கும்வரை பெரிய ஃபில்டரை எடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதற்குமேல் காரணம் தேவையில்லை. பெரிய ஃபில்டரை அடிக்கடி திறக்க வேண்டியதும் இல்லை. தாள் ஃபில்டர் புதிதாக இருக்கும்போதைவிட, மேலே மெல்லிய தூசிப் படிவு ஏறியபின் இன்னும் நுண்ணிய தூசியைப் பிடிக்கிறது. வாரம் ஒருமுறை திறந்து, தரையில் தட்டி, காற்றடித்துச் சுத்தம் செய்பவர் எஞ்சினுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, தாளையும் விளிம்பையும் சேதப்படுத்துகிறார். திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூசி உட்பக்கம் உதிரத்தான் செய்யும்.

இனிக் கூடு. கார்புரேட்டரின் வாயை வெர்னியரால் அளந்தபோது ஒரு திசையில் 66.7 மி.மீ., அதற்குக் குறுக்கே 66.1 மி.மீ. இருந்தது. எழுபது ஆண்டுகளாகப் பலர் கிளாம்பை முறுக்கி முறுக்கி, வாய் வட்டத்திலிருந்து சற்றே முட்டைவடிவாகியிருந்தது. கார்புரேட்டரின் மேற்பகுதி துத்தநாகக் கலவையில் வார்த்தது. அது இரும்பைப்போல் தாங்காது, இறுக்கினால் நெளியும், அதற்குமேல் இறுக்கினால் விரிசல் விடும். புத்தகத்தில் உள்ள அளவை நம்பி லேத்தில் கச்சிதமாகக் கழுத்துப் பட்டை கடைந்து போட்டிருந்தால், ஒரு பக்கம் இடைவெளியும் மறுபக்கம் விரிசலும் கிடைத்திருக்கும். கழுத்தை ஒரு மி.மீ. பெரிதாகக் கடைந்து, நான்கு இடத்தில் பிளவு வெட்டி, உள்ளே பெட்ரோல் ஆவியைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் பட்டை ஒன்றை வைத்து, மேலே அகலமான கிளாம்ப் போட்டேன். பிளவுகள் ரப்பரின் நீளத்துக்குள் முடிய வேண்டும் என்பது இங்கே கவனம். பிளவு ரப்பரைத் தாண்டினால் அது தூசிக்கு வழியாகிவிடும். கூட்டின் எடையைக் கார்புரேட்டரின் கழுத்தில் ஏற்றக் கூடாது என்பதற்காக, சிலிண்டர் ஹெட்டின் போல்ட் ஒன்றிலிருந்து தாங்கு பட்டை ஒன்றைக் கொண்டுவந்து அடித்தட்டோடு இணைத்தேன். ஒற்றைக் காலில் கனமான பாத்திரத்தைச் சுமந்தபடி அதிர்ந்துகொண்டே இருப்பது அந்தப் பழைய வார்ப்புக்கு நல்லதல்ல.

மூடிக்கும் கார்புரேட்டர் வாய்க்கும் இடையிலான உயரத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. வட்ட வாய்க்குள் இறங்கும் காற்று, சுற்றிலுமிருந்து ஒரு திரைபோல் விளிம்பைத் தாண்டி வருகிறது. அந்தத் திரையின் பரப்பு வாயின் பரப்புக்குச் சமமாக வேண்டுமென்றால், இடைவெளி விட்டத்தில் கால் பங்காவது இருக்க வேண்டும். 66 மி.மீ. வாய்க்கு அது பதினாறரை மி.மீ. அது வெறும் சமம்தான். அதைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் காற்று தாராளமாகத் திரும்பும். தட்டையான குரோம் வட்டுகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பானெட்டுக்குள் அடங்க வேண்டுமென்று மூடியைத் தாழ்த்திவிடுவார்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது காற்றை அடைக்கும் சோக் தட்டு முழுதாகத் திறக்கும்போது அதன் மேல்விளிம்பு வாய்க்கு வெளியே நீட்டும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். என் கூட்டில், மூடியைப் பூட்டும் நடுக்கம்பியைத் தாங்கும் குறுக்குப் பட்டையைச் சோக் தட்டு முதலில் உரசியது. பட்டையை எட்டு மி.மீ. உயர்த்திய பிறகே சோக் தடையின்றி அசைந்தது.

உட்பக்கத்தில், அதாவது ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் இடையில், கழன்று விழக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. பாப் ரிவெட் வேண்டாம், சிறு திருகு வேண்டாம். பற்றவைப்பில் தெறித்த உலோக மணிகளை உளியால் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, காந்தத்தால் துழாவி எடுத்தேன். அப்படியும் ஒரு மணி விரலில் தட்டுப்பட்டது. அது பற்றவைத்த ஓரத்தின் அடியில் கடுகளவு ஒளிந்திருந்தது. ஒரு வேளை அதிர்வில் உதிர்ந்திருந்தால் நேராக வால்வுக்குத்தான் போயிருக்கும். வர்ணத்தையும் வெளிப்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். உள்ளே துத்தநாக முலாம் மட்டும்.

காற்று நுழையும் மூக்குக் குழாயை 75 மி.மீ. விட்டத்தில், அதாவது கார்புரேட்டர் வாயைவிடப் பெரிதாக, எடுத்தேன். அதன் விளிம்பை வெளிப்புறமாக உருட்டி எக்காளத்தின் வாய்போல் செய்தேன், ஏனென்றால் கூரான விளிம்பில் காற்று சுருங்கித்தான் நுழையும். மூக்கு ரேடியேட்டருக்குப் பின்னால் வரும் சூட்டை நோக்காமல் பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும். காற்றின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு குறையும். ஃபில்டரின் தடையைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் கண்டுகொள்ளாத இழப்பு இது. ஈரமும் குளிரும் நிறைந்த இடத்தில் ஓடும் வண்டியென்றால் கணக்கு மாறும். அங்கே கார்புரேட்டரின் தொண்டையில் பனி உறைவதைத் தடுக்கக் கொஞ்சம் சூடான காற்று வேண்டியிருக்கும்.

தடையை அளக்க விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை ஒரு பலகையில் ‘ப’வைக் கவிழ்க்காமல் வைத்ததுபோல் கட்டி, பாதிவரை சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைத் திறந்துவிட்டு மறுமுனையைக் கூட்டின் உட்பக்கத்தோடு இணைத்தால் போதும். இரண்டு தண்டுகளிலும் தண்ணீர் மட்டத்தின் வித்தியாசமே தடை. பட்டறையில் நிறுத்தி எஞ்சினை முறுக்கிப் பார்ப்பது பயனற்றது. சுமையில்லாமல் ஓடும்போது, ஆக்சிலரேட்டர் திறக்கும் ‘திராட்டில்’ என்ற காற்றுத் தட்டு சிறிதளவே திறந்திருக்கும், காற்றும் சிறிதளவே போகும். மேட்டில் ஏற வேண்டும், ஆக்சிலரேட்டர் தரையைத் தொட வேண்டும். பலகையை நண்பர் மடியில் பிடித்துக்கொண்டு படித்தார். அழுக்கேறிய குரோம் வட்டோடு 130 மி.மீ., புதுக் கூட்டோடு 40 மி.மீ. தண்ணீர். வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 10,300 மி.மீ. தண்ணீருக்குச் சமம். அப்படியென்றால் என் கூடு எஞ்சினிடமிருந்து பிடுங்குவது அழுத்தத்தில் நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவு. மோசமான வட்டுகூட ஒன்றே கால் பங்கைத்தான் பிடுங்கியது. அந்த வட்டின் உண்மையான குற்றம் அது விட்டுவிடும் தூசி.

தடை கூடும்போது கலவை என்ன ஆகும் என்பது கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் மிதவைக் கிண்ணம் எங்கிருந்து மூச்சுவிடுகிறது என்பதைப் பொறுத்தது. கிண்ணத்தின் காற்றுத்துளை கார்புரேட்டரின் வாய்க்குள்ளேயே, அதாவது ஃபில்டருக்கு உட்பக்கமாக, திறந்தால், தடை இரண்டு பக்கமும் சமமாக விழும், கலவை பெரிதாக மாறாது. துளை வெளிக்காற்றில் திறந்தால், ஃபில்டர் அடைபட அடைபடக் கலவையில் பெட்ரோல் மிகுந்து, அது கொழுத்துக்கொண்டே போகும். ஏர் கிளீனரை மாற்றியதும், பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டில் கைவைக்கும் முன் இந்தத் துளையைக் கண்டுபிடித்துவிடுவது நல்லது.

இவ்வளவையும் செய்து முடித்த பிறகுதான் அந்தப் பழுப்புக் கோடு வந்தது.

காரணம் தேடி ஒரு மாலை முழுவதும் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருட்டறையில் உள்ளே ஒரு விளக்கை வைத்து, ஃபில்டரைப் பொருத்தி, மூடியைப் பூட்டிவிட்டு, மூக்குக் குழாய் வழியே உள்ளே எட்டிப் பார்த்தேன். அடித்தட்டின் ஓரத்தில், ஃபில்டரின் விளிம்புக்குக் கீழே, ஓரிடத்தில் மட்டும் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. பற்றவைத்த சூட்டில் தட்டு அந்த இடத்தில் அரை மி.மீ. பள்ளம் விழுந்திருந்தது. மிருதுவான விளிம்பு அதை நிரப்பும் என்று நினைத்திருந்தேன், நிரப்பவில்லை. மூடியில் நடந்த தவறு இன்னும் எளிமையானது. நடுக்கம்பி 6 மி.மீ., மூடியில் நான் போட்ட துளை 8 மி.மீ. மேலே காது நட்டின் அடியில் சாதாரண இரும்பு வாஷர். கம்பியைச் சுற்றி இருந்த ஒரு மி.மீ. வளையம், ஃபில்டரைத் தொடாமலேயே வெளிக்காற்றை நேராகக் கார்புரேட்டரின் வாய்க்கு மேலே இறக்கிக்கொண்டிருந்தது. அரைச் சதுர மீட்டருக்கும் மேலான நல்ல தாளை வைத்துவிட்டு, அதன் அருகிலேயே இருபது சதுர மி.மீ. கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். உறிஞ்சும் காற்று தடை குறைந்த வழியைத்தான் முதலில் தேடும்.

அடித்தட்டை மீண்டும் பற்றவைத்துத் திருத்த முயலவில்லை. சூடு காட்டினால் வேறிடத்தில் நெளியும். தடிமனான ஒரு தட்டை வளையமாக வெட்டி, லேத்தில் முகம் தட்டையாகச் சீவி, பள்ளத்தின் மேல் எபாக்ஸி பசையால் ஒட்டினேன். ஃபில்டரின் விளிம்பு நகராமல் உட்கார அதில் ஒன்றரை மி.மீ. உயர வரம்பும் விட்டேன். மூடியின் துளையில் கம்பியை இறுக்கமாகப் பிடிக்கும் ரப்பர் வாஷரை வைத்து, அதன்மேல் குழிவான உலோக வாஷரைப் போட்டேன். நட்டை முறுக்க முறுக்க ரப்பர் கம்பியின் மரையோடு அழுந்தும். மூடியின் உயரத்தையும் ஒரு மி.மீ. குறைத்தேன். மூடியின் ஓரம் கூட்டில் முட்டுவதற்கு முன்பே ஃபில்டரின் விளிம்பு அழுந்தத் தொடங்கிவிட வேண்டும். ஓரம் முதலில் முட்டிவிட்டால் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அந்த அழுத்தம் ஃபில்டருக்குப் போய்ச்சேராது.

விளிம்பு முழுவதும் அழுந்துகிறதா என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. தட்டில் ஃபில்டர் உட்காரும் வட்டத்தில் மெல்லியதாகக் கிரீஸ் தடவி, மூடியைப் பூட்டிக் கழற்றிப் பார்த்தால், விளிம்பில் கிரீஸ் ஒட்டாத இடம்தான் கசிவு. இம்முறை வளையம் எங்கும் அறுபடாமல் பதிந்திருந்தது.

மறுபடி எண்ணூறு கிலோமீட்டர் போய்வந்து, அதே வெள்ளைத் துணியைத் துவைத்து எடுத்துக்கொண்டு போனேன். அடித்தட்டு வெள்ளை. மூடி வெள்ளை. கழுத்துப் பட்டையின் உட்புறம் வெள்ளை. ஆனால் விளக்கை இறக்கி, கார்புரேட்டரின் கீழே திராட்டில் தட்டுக்கு அருகே பார்த்தபோது, ஷாஃப்ட் உடலுக்குள் நுழையும் இடத்தில் சாம்பல் நிறப் பிறை ஒன்று படிந்திருந்தது. ஷாஃப்டை விரலால் மேலும் கீழும் ஆட்டினேன், ஆடியது. எழுபது ஆண்டுத் தேய்மானத்தால் விழுந்த அந்த இடைவெளி வழியே, மேலே இருக்கும் ஃபில்டரைப் பற்றிக் கவலைப்படாமல், காற்று தன்பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. வால்வு மூடியின் மேலே இருக்கும் எண்ணெய் ஊற்றும் மூடியையும் கழற்றிப் பார்த்தேன். கிராங்க்கேஸ் அதன் வழியாகத்தான் மூச்சிழுக்கிறது. அதற்குள் இருந்த கம்பி வலை காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. வலையை மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெயில் தோய்த்து அன்றைக்கே மாட்டிவிட்டேன். திராட்டில் உடலை இப்போது மேசையில் பிரித்து வைத்திருக்கிறேன். ஷாஃப்டுக்கு வெண்கல புஷ் கடைந்து போட வேண்டும், அதற்கான வெண்கலத் துண்டும் பக்கத்தில் இருக்கிறது.